ஒரு லாரி ஆப்பிள் கூழ்

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பழம் இறக்குமதி செய்கிறோம் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் உட்காரச் சொல்வார்கள். ஆயக்குடியில் கொய்யா, நத்தத்தில் மாம்பழம், சிறுமலையில் வாழை, இந்த ஊரில் பழத்துக்கு என்ன பஞ்சம் என்பார்கள். என் அண்ணனே ஒரு தடவை, "ஏம்மா, கொய்யாத் தோப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு ஆப்பிள் கூழு விக்கிறியே, ஒனக்கே சிரிப்பு வரலையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். நான் எழுதப் போகிற விஷயத்தில் அது அடிக்கடி தலைகாட்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். தோப்பில் பறிக்கிற பழம் வாயில் போடுவதற்கு நன்றாக இருக்கும். ஜாம் போடுகிறவருக்கும் பிஸ்கட் போடுகிறவருக்கும் அது ஆகாது. அவர்களுக்குச் சித்திரையில் வருகிற கூழும் ஐப்பசியில் வருகிற கூழும் ஒரே புளிப்பு, ஒரே இனிப்பு, ஒரே கெட்டியாக இருக்க வேண்டும். போதாததற்கு, கலவைப் பழ ஜாமில் பாதிக்கு மேல் ஆப்பிள்தான். அந்த அளவுக்கு ஆப்பிள் நம் மலையில் விளையாது. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் ஆப்பிள் கூழ், பீச் கூழ், காய்ந்த பெர்ரி வகைகள் எல்லாவற்றையும் கப்பலில் வரவழைத்து, தூத்துக்குடியில் இறக்கி, நத்தம் சாலையில் உள்ள எங்கள் குடோனில் வைத்து, கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம்.

கூழ் வருகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்று நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது புரியாது. வெளியே இரும்புப் பேரல் இருக்கும். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு தடித்த பை. பைக்கு ஒரு மூடி, மூடிக்கு அடியில் மெல்லிய சவ்வு. கூழைக் காய்ச்சி, ஒரு கிருமிகூட நுழையாதபடி அந்தப் பைக்குள் அடைத்துவிடுவார்கள். ஐஸ் வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு வருஷம்கூட அப்படியே கிடக்கும். எல்லாம் அந்தச் சவ்வு கிழியாத வரைக்கும்தான். கிழிந்துவிட்டால் வீட்டில் மிஞ்சிய வெஞ்சனத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நம் ஊர் வெயிலில் மறுநாளே நுரை தள்ளிவிடும். அதனால் வாங்க வருகிறவருக்கு ஒரே ஒரு பேரலைத் திறந்து காட்டுவோம். மிச்சத்துக்கு லேப் சான்றிதழும் எங்கள் வார்த்தையும்தான்.

இந்த ஒரு பேரல் விஷயம் என் மாமனாருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் வாழ்நாள் முழுக்கப் புளி வியாபாரம் செய்தவர். புளி மண்டியில் சிப்பம் சிப்பமாகக் கட்டி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் கேட்கும் முன்பே அத்தனை சிப்பத்தையும் பிரித்து, அடியில் கைவிட்டு அள்ளிக் காட்டுவது என் மாமனாரின் பழக்கம். "ஒரு சிப்பத்த மட்டும் காட்டுறவன் மத்ததுல என்னமோ வச்சிருக்கான்னு அர்த்தம்" என்பார். மண்டியை மூடிய பிறகும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தினமும் எங்கள் குடோனுக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். பேரல் மூடியைத் தொடக்கூடாது என்று நான் அவரிடம் சொல்லித்தான் இருந்தேன். அதை அவர் சும்மா கிடக்கும் நேரத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். வாங்க வருகிறவர் முன்னால் மூடி வைப்பது என்பது அவர் கணக்கில் திருட்டுத்தனம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு பெரிய ஜாம் கம்பெனி. முதல் தடவையாக எங்களிடம் ஒரு லாரி ஆப்பிள் கூழ் கேட்டிருந்தார்கள். கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்தச் சரக்கை இறக்கியிருந்தோம். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் மாதா மாதம் ஆர்டர். கெட்டுப்போனால் அடுத்த கன்டெய்னர் எடுக்க வழியில்லை, குடோனைப் பூட்டிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். அவர்கள் ஆள் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் என் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விழா. வீட்டுக்காரர் துறைமுக வேலையாகத் தூத்துக்குடியில் இருந்தார். நான் மட்டும் போய்ப் பூசை பார்த்து, சாப்பிட்டு, மாமனாருக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறும் கறிக்குழம்பும் வாங்கிக்கொண்டு, பட்டுச்சேலையோடு நேராகக் குடோனுக்கு வந்தேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் பேரல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு காகிதத் தட்டு, அதில் ஒரு கரண்டிக் கூழ். பந்தியில் பாயசம் வைத்ததுபோல இருந்தது.

மாமனார் எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் பார்த்ததில்லை.

"வாம்மா. அந்தக் கம்பெனிக்காரவுக இன்னைக்கே வந்துட்டாக. ஒரு பேரல் விடல. அம்புட்டையும் தொறந்து காமிச்சுட்டேன்."

அவர் பின்னால் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர் நின்றார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பல வருஷம் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், தக்காளிக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாதவர். பழக்கூழ் பேரலை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்.

"ஐயா மாதிரி ஒரு யாவாரியப் பாத்ததில்லீங்க" என்றார். "நான் ரெண்டு போதுமுங்கன்னேன். அவருதான் விடலீங்க. அல்லாமே ஒரே ருசிங்க, ஒரே நெறமுங்க. சரக்கு சுத்தமுங்க."

தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தேன். பக்கத்துப் பேரலுக்குள் எட்டிப் பார்த்தேன். சவ்வைக் கத்தியால் வட்டமாக, மிக நேர்த்தியாக அறுத்திருந்தார்கள்.

"எல்லாத்துக்கும் ஒரே கரண்டியா மாமா?"

"ஒவ்வொரு வாட்டியும் கொழாத் தண்ணில கழுவிட்டுத்தானம்மா விட்டோம். சுத்தம் பாக்காம இருப்பமா?"

காய்ச்சாத போர்வெல் தண்ணீர். கழுவியதோடு நிறுத்தாமல் அதையும் கொஞ்சம் உள்ளே சேர்த்திருக்கிறார்கள்.

"கொன்னுட்டீங்களே மாமா" என்றேன். நான் சொன்னதில் எழுதக்கூடியது அது ஒன்றுதான். லோடுமேன்கள் மெதுவாக வெளியே நழுவினார்கள். மாமனார் ஒன்றும் புரியாமல் என்னையும் பேரலையும் மாறி மாறிப் பார்த்தார். புளி வருஷக்கணக்கில் திறந்து கிடந்தாலும் புளிதான். ஒரு பொருள் காற்றுப் பட்டதற்காகக் கெட்டுப்போகும் என்பது அவர் தொழிலில் இல்லாத சங்கதி. நான் சவ்வைப் பற்றிச் சொன்னேன், கிருமியைப் பற்றிச் சொன்னேன், நாளைக்குள் நுரைத்துவிடும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்தான்."

கொள்முதல்காரருக்கு அதற்குள் வியர்த்துவிட்டது. அவர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, முதலாளிக்குத் தெரிஞ்சா என்ற வேல போயிருமுங்க. மூடியப் போட்டு இறுக்கி அனுப்பிப் போடலாமுங்க. வரும்போதே இப்பிடித்தான் இருந்துச்சுன்னு சொல்லிக்கலாமுங்க."

பொய் சொல்வேனோ மாட்டேனோ தெரியாது, ஆனால் ஒரு நிமிஷம் அந்த யோசனை எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. மாமனார் நாற்காலியில் இருந்தபடியே, "அதெல்லாம் ஆகாது. தொறந்தத தொறந்தேன்னுதான் சொல்லணும். போனைப் போடும்மா, நான் பேசுறேன்" என்றார். அவரைப் பேசவிட்டால் முதலாளியையும் ஞாயிற்றுக்கிழமையிலேயே சரக்குப் பார்க்கக் கூப்பிட்டுவிடுவார் என்று பயந்து நானே பேசினேன்.

முதலாளி தாராபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். போனில் மேளச் சத்தம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அல்லா பேரலுமுங்களா?" என்றார் கடைசியில்.

"ஆமா சார். எல்லாமே."

"எங்காளும் அங்கதான இருந்தான்?"

"ரெண்டு பேரும் சேந்துதான் பாத்திருக்காங்க."

"நல்லாப் பாத்தாங்க போங்க." அவர் பெருமூச்சு விட்டது மேளத்தையும் தாண்டிக் கேட்டது. "இன்னிக்கு லீவுங்க, பாய்லர் பத்த வெக்க ஆளில்லீங்க. நாளைக்கு வெடியால கொண்டாங்க. நானே வந்து மோந்து பாக்கறனுங்க. நுரை கட்டாம இருந்தா நாளைக்கே பூராத்தையும் வேக வெச்சுப்போடலாம், வெந்துட்டா ஒரு பயமுமில்லீங்க. நுரை கட்டிருச்சுன்னா நான் எடுக்க முடியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தால் அவ்வளவு பேசியிருக்கவே மாட்டேன். ஆக, விடிகிற வரைக்கும் ஒரு லாரிக் கூழைப் புளிக்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் குடோனில் இருக்கும் ஏசி அறை காய்ந்த பழப் பெட்டிகளுக்கே போதாது. நான் தெரிந்த ஐஸ் கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தபோது, மாமனார் தன் பழைய போனை எடுத்து யாரிடமோ, "பாய், ஒரு ஒத்தாசை" என்று ஆரம்பித்தார்.

புளி நிறம் கறுக்காமல் இருக்க அதைக் கோல்டு ஸ்டோரேஜில் போட்டு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பாய் அப்படி ஒரு கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருந்தார். மாமனாரின் சிப்பங்களைக் காலங்காலமாக அடுக்கி வைத்தவர். ஞாயிறு என்றும் பாராமல் ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு அறையில் பாதிப் புளியை நடைபாதைக்கு நகர்த்தி, எங்களுக்கு இடம் செய்து கொடுத்தார். "புளி வாசம் ஏறிக்கிருமேம்மா, பரவால்லையா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஏறினால் ஏறட்டும் என்றேன்.

பேரல்களை மூடி இறுக்கி, லாரியில் ஏற்றி, அங்கே இறக்கி, உள்ளே தள்ளி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாமனார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் குளிரிலேயே நின்றார். வெளியே வரச் சொன்னால் வரவில்லை. கொள்முதல்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு லோடுமேன்களோடு சேர்ந்து பேரல் உருட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலையில் ஒருவரை ஒருவர் மெச்சி மெச்சிச் சவ்வை அறுத்தவர்கள்தான்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "அப்பா சாப்ட்டாரா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டது சரியான கேள்விதான், தூக்குச்சட்டி திறக்காமல் அப்படியே இருந்தது. அன்று ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் ஒரு பேரல் கண் முன்னால் வந்து நின்றது. மாதாவிடம் இவ்வளவு பச்சையாக வியாபாரம் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் விடியும்போது லாரியோடு நானும் கிளம்பினேன். மாமனாரைக் கூப்பிட்டேன். "நீ போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜாம் கம்பெனியில் பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய ஸ்டீல் கொப்பரைகள், ஒரு பக்கம் சீனி மூட்டைகள் மலையாக. முதலாளி தலையில் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு காத்திருந்தார். முதல் பேரலைத் திறந்தார். குனிந்து மோந்து பார்த்தார். புதுக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்க" என்றார்.

கூழ் கொப்பரையில் விழுந்த சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாவது பேரல், மூன்றாவது பேரல், எல்லாவற்றுக்கும் அதே குனிதல், அதே சொட்டு, அதே "போடுங்க". நான் மூச்சுவிடப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பேரல் முன்னால் அவர் கொஞ்சம் அதிகமாக நின்றார். மறுபடியும் குனிந்தார். கையால் என்னைக் கூப்பிட்டார்.

ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். கள் வாசனை.

"நுரை கட்டிருச்சுங்க" என்றார்.

கொப்பரைக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள். கொள்முதல்காரர் சீனி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒன்று நுரைத்தால் மற்றதும் நுரைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரே நாளில், ஒரே கரண்டியில் திறந்தவைதானே எல்லாம். குடோனைப் பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது வரை அந்த இடத்திலேயே நின்று யோசித்துவிட்டேன்.

முதலாளி அந்தப் பேரலைச் சுற்றி வந்தார். மூடி கோணலாக ஏறியிருந்தது, இறுகவே இல்லை. "இது எங்க இருந்துச்சுங்க, குடோன்ல?" என்று கேட்டார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கொள்முதல்காரர், "இதுதானுங்க மொதல்ல தொறந்தது. ஷட்டர் ஓரமா வெயில்ல இருந்துச்சுங்க" என்றார்.

முதலாளி அதை ஓரமாகத் தள்ளச் சொன்னார். அடுத்ததைத் திறந்தார். குனிந்தார். எனக்கு அந்த நேரம் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்கிற நேரமாக இருந்தது.

"போடுங்க."

அதற்கு அடுத்ததும் "போடுங்க". அதற்கும் அடுத்தது. நான் சுவரில் சாய்ந்து நின்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மதியத்துக்கெல்லாம் கட்டடம் முழுக்க ஆப்பிளும் சீனியும் சேர்ந்து வெந்த வாசனை. புளி வாசம் துளிக்கூட இல்லை. யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை. சாயங்காலம் கடைசிப் பேரலையும் கவிழ்த்துவிட்டு ஒருவர் அதன் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். கெட்ட அந்த ஒன்றைத் தவிர எல்லாம் ஜாமாகிவிட்டது.

முதலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "நல்ல சரக்குங்க. கெடுக்கறதுக்கு இத்தன பாடு பட்டும் கெடலீங்களே" என்றார். பிறகு கொள்முதல்காரரைப் பார்த்து, "நீ இனி தக்காளி மட்டும் பாரப்பா" என்றார். அந்த மனிதர் கும்பிட்டார். வேலை போகவில்லை என்ற நிம்மதியில் அவர் முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தது. "அடுத்த லாரி எப்பங்க வரும்?" என்று முதலாளி கேட்டபோது நான் பதில் சொல்லாமல் அழுதுவிட்டேன். மானமெல்லாம் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே, சீனி ஒட்டிய தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். பயம் போனால் அழுகை வரும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. அவர் பதறிப்போய் இன்னொரு டீ சொன்னார்.

வருகிற வழியில் லாரியிலிருந்தே வீட்டுக்காரரிடம் பேசினேன். மாமனாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் வெந்திருச்சு மாமா. ஒண்ணுதான் கெட்டுச்சு. அடுத்த லாரியும் கேட்டிருக்காக."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு எடுத்து வைத்தேன். ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்த முதல் நாள் கறிக்குழம்பைத்தான் சுடவைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்கு நான் குடோனுக்கு வரட்டுமாம்மா?"

அந்தக் குடோன் அவர் கட்டியது. ஒவ்வொரு செங்கலும் அவர் புளி விற்று வாங்கியது. அதற்குள் வருவதற்கு அவர் அதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. முந்தின நாள் நான் போட்ட சத்தம் அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்ன மாமா கேள்வி இது. ஒங்க எடத்துக்கு வர என்னையவா கேப்பீங்க. வாங்க."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கொழம்பு இன்னும் செத்த ஊத்தும்மா" என்றார்.